சவேரியாரிடம் கேட்கப்பட்ட கேள்வி

1552-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள், கொச்சியிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் சபைத் தோழர்களுக்குப் பிரான்சிஸ் சவேரியார் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஜப்பானில் ஈராண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அந்நாட்டு மக்களின் அறிவுக்கூர்மையையும், பௌத்தத் துறவிகளோடு நடந்த வாதங்களையும் விரிவாகச் சொல்லிக்கொண்டு போகிறவர், ஓரிடத்தில் வேறு தொனியில் பேசத் தொடங்குகிறார். புதிதாக ஞானஸ்நானம் பெற்ற ஜப்பானியர் அவரிடம் வந்து, இறந்துபோன தங்கள் பெற்றோரையும் உறவினரையும் பற்றிக் கேட்கிறார்கள். நரகத்தில் இருக்கும் அவர்களை மீட்க வழி உண்டா? இல்லை என்கிறார் சவேரியார். தானதருமமோ செபமோ உதவாதா? உதவாது. கடவுளால் அவர்களை வெளியே கொண்டுவர முடியாதா, அவர்கள் ஏன் என்றென்றைக்கும் அங்கேயே கிடக்க வேண்டும்? இதற்கும் அவர் தம்மால் இயன்றவரை விடை சொல்கிறார். ஆனால், அவர்கள் அழுகையை நிறுத்துவதில்லை. தாம் இவ்வளவு நேசிக்கும் நண்பர்கள், தீர்க்க வழியில்லாத ஒன்றுக்காக அழுவதைக் காணத் தமக்கும் வேதனையாக இருந்ததென்று அவர் ஒளிக்காமல் எழுதுகிறார்.

சவேரியாரின் கடிதங்களை ஆங்கில மொழிபெயர்ப்பில் பலமுறை படித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இந்தப் பக்கத்தில் என் வாசிப்பு நின்றுவிடுகிறது. காரணம், இந்தக் கேள்வி முதலில் எழுந்திருக்க வேண்டிய இடம் யாமகுச்சி அன்று, தூத்துக்குடி. ஜப்பானுக்குச் செல்வதற்கு ஏழாண்டுகள் முன்பே அவர் முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அங்கே அவர் சந்தித்த வயதுவந்த கிறிஸ்தவர்களில், ஞானஸ்நானம் பெறாமல் இறந்த தாயோ தந்தையோ பாட்டனோ இல்லாத ஒருவர்கூட இருந்திருக்க இயலாது. ஆயினும் இக்கடற்கரையிலிருந்து அவர் எழுதிய கடிதங்களில், நான் படித்தவரை, அந்தக் கேள்வி இல்லை. நம் மக்கள் கேட்கவில்லையா? கேட்டது அவர் செவியில் விழவில்லையா?

விடைக்கு அருகிலாவது செல்ல வேண்டுமானால், அவருடைய வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

1506 ஏப்ரல் 7 அன்று, நவார் நாட்டில் ஹவியேர் என்ற சிறு கோட்டையில் அவர் பிறந்தார். வீட்டில் பேசிய மொழி பாஸ்க். தந்தை அரசவையில் உயர்பதவி வகித்தவர். சவேரியாருக்கு ஆறு வயதாகும்போது காஸ்டீலியப் படைகள் நவாரைக் கைப்பற்றின. ஒன்பது வயதில் தந்தையை இழந்தார். பத்து வயதில், வெற்றிபெற்ற தரப்பின் ஆணைப்படி கோட்டையின் மதில்களும் கோபுரங்களும் இடிக்கப்பட்டதைக் கண்டார். பறிபோன குடும்பப் பெருமையைப் படிப்பால் மீட்கும் எண்ணத்தோடுதான் 1525-இல் பாரிசுக்குச் சென்றார் என்று தோன்றுகிறது. சேன்ட் பார்ப் கல்லூரியில் அறைத்தோழராக வந்தவர் பீட்டர் ஃபாபர். பிறகு அதே அறைக்கு, காலில் போர்க்காயத்தின் வடுவோடு, வயதில் மூத்த ஒரு மாணவர் வந்தார். அவர்தாம் இஞ்ஞாசியார். சவேரியார் அவருக்கு எளிதில் வசப்பட்டுவிடவில்லை. ஆனால் 1534 ஆகஸ்ட் 15 அன்று மோன்மார்த்ர் குன்றில் நேர்ச்சை எடுத்துக்கொண்ட எழுவரில் அவரும் ஒருவர். இயேசு சபைக்கு 1540-இல் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது.

இந்தியாவுக்கு அனுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் வேறொருவர். அவர் நோயுற்றதால், ஏறத்தாழ ஒரே நாள் அவகாசத்தில் சவேரியார் ரோமையிலிருந்து புறப்பட நேர்ந்தது. 1541-இல் தம் 35-ஆவது பிறந்தநாளன்று லிஸ்பனில் கப்பலேறினார். மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் காத்திருந்து, 1542 மே 6 அன்று கோவாவில் இறங்கினார்.

அவர் தம்மோடு கொண்டுவந்த இறையியல் எத்தகையது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நரகம் முடிவற்றதா, இறுதியில் எல்லாரும் மீட்கப்படுவார்களா என்ற வழக்கு கிறிஸ்தவத்தில் மிகப் பழையது. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஒரிஜன், படைப்பு முழுவதும் இறுதியில் கடவுளிடம் திரும்பும் என்ற கருத்தை முன்வைத்தார். தண்டனை என்பது நோய் தீர்க்கும் மருந்து போன்றது என்பது அவர் எண்ணம். நான்காம் நூற்றாண்டில் நீசா கிரகோரியார் அதே திசையில் சென்றார். திருச்சபை அவரைப் புனிதராகவே வணங்குகிறது. மறுபுறம் அகுஸ்தீனார், தம் கடவுளின் நகரம் என்ற நூலில், இத்தகைய இரக்கவாதிகளை ஒவ்வொருவராக எடுத்து மறுத்தார். ஆறாம் நூற்றாண்டில் ஒரிஜனின் பெயரால் வழங்கிய கொள்கைகள் கண்டிக்கப்பட்டன. 1442-இல் புளோரன்ஸ் சங்கம், இறப்பதற்குமுன் திருச்சபையில் சேராத எவரும் முடிவற்ற நெருப்புக்குத் தப்ப முடியாது என்று கடுமையான மொழியில் அறிவித்தது. அந்த அறிவிப்புக்கும் கொலம்பஸின் பயணத்துக்கும் இடையில் 50 ஆண்டுகளே. கிறிஸ்துவின் பெயரைக் கேள்விப்பட்டே இராத மக்கள் கோடிக்கணக்கில் உலகில் வாழ்கிறார்கள் என்பதை ஐரோப்பா அதன் பிறகுதான் உணர்ந்தது.

1539-இல் சாலமான்காவில் பிரான்சிஸ்கோ தெ விதோரியா, அமெரிக்க மக்களைப் பற்றி ஆற்றிய புகழ்பெற்ற உரையில், நற்செய்தி தம் செவிக்கு எட்டாதவர்கள் நம்பாமல் இருந்ததைப் பாவமாகக் கொள்ள முடியாது என்றார். வேறு பாவங்களுக்காக அவர்கள் தண்டிக்கப்படலாம் என்பதை அவர் மறுக்கவில்லை. எனினும் ஒரு கதவு சிறிதளவு திறந்தது. சவேரியாரின் கடிதங்களில் அந்தத் திறப்பின் சுவடு தெரியவில்லை. ஞானஸ்நானம் இன்றி இறப்பவர்கள் இழக்கப்பட்டவர்கள் என்பதைச் சூரியன் கிழக்கே உதிப்பதைப் போன்ற உண்மையாக அவர் ஏற்றிருந்தார். அவருடைய வேகத்துக்குக் காரணம் அதுதான். முத்துக்குளித்துறையிலிருந்து திரும்பி 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்கு, குறிப்பாகப் பாரிசுக்கு ஓடிச்சென்று, உங்கள் அலட்சியத்தால் எத்தனை ஆன்மாக்கள் நரகத்துக்குப் போகின்றன என்று பைத்தியக்காரனைப் போலக் கத்த வேண்டும்போல் இருப்பதாகச் சொல்கிறார். அதை மிகைப்பேச்சு என்று என்னால் கடந்துபோக முடிவதில்லை. நம்பியதை அப்படியே நம்பிய மனிதர் அவர்.

அவர் வந்தபோது இக்கடற்கரையில் கிறிஸ்தவம் ஆறு வயதுக் குழந்தை. முத்துச் சலாபத்தின் உரிமை குறித்து எழுந்த பூசலில் நெருக்குண்ட பரதவர்கள், கொச்சிக்குத் தூது அனுப்பிப் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பைக் கோரினார்கள். 1536, 1537 ஆண்டுகளில் ஏறத்தாழ 20,000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். வேம்பாறு முதல் மணப்பாடு வரையிலான ஊர்களில் பெயர்கள் மாறின. ஆனால் கற்பிக்க ஆள் இல்லை. 1542 அக்டோபர் 28 அன்று தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதிய கடிதத்தில், தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர இம்மக்களுக்கு வேறொன்றும் தெரியவில்லை என்று சவேரியார் குறிப்பிடுகிறார்.

தமிழ் தெரியாத ஒருவர் தமிழ்நாட்டில் மறையுரை செய்ய என்ன செய்வார்? கோவாவில் பயின்ற தமிழ் மாணவர்கள் மூவர் உடன் வந்திருந்தார்கள். இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களைக் கூட்டி, பல நாள்கள் உட்கார்ந்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், செபங்கள் ஆகியவற்றைத் தமிழில் ஆக்கிக்கொண்டார். அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சென்றார். பிள்ளைகள் கூடினார்கள், கற்றதை வீட்டிலும் அண்டையிலும் சொல்லிக்கொடுக்கும்படி அவர்களை அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே கூடும். பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் அவர் சொல்ல, மக்கள் மார்பின்மீது கைகளைச் சிலுவைபோல் மடித்து, நம்புகிறோம் என்று விடை சொல்வார்கள்.

அந்த விடைச்சொல் என்னவாக இருந்தது என்பதுதான் வியப்புக்குரியது. 1544-இல் தம் உதவியாளர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், தமிழ்ப் பிரமாணத்தில் ஒரு திருத்தம் செய்யச் சொல்கிறார். வேணும் என்ற சொல்லுக்குப் பதிலாக விசுவாசம் என்ற சொல் வர வேண்டும் என்பது அது. வேணும் என்றால் வேண்டும், விரும்புகிறேன் என்று பொருள் என்பதை அவர் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார். ஆக, ஓராண்டுக்கும் மேலாக, கடலோரத்து மக்கள் வானத்தையும் பூமியையும் படைத்தவரை நம்புகிறோம் என்று சொல்லவில்லை. எங்களுக்கு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இதைச் சிலர் நகைச்சுவையாகச் சொல்வதுண்டு. வடுகப் படைகளுக்கும் வணிகர்களுக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்ந்தவர்கள் கடவுளிடம் எங்களுக்கு வேண்டும் என்று சொன்னது பிழையான மொழிபெயர்ப்பாக இருக்கலாம். பிழையான செபம் என்று எனக்குத் தோன்றவில்லை.

நரகம் என்ற சொல்லும் இப்படிப்பட்டதே. சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் தமிழுக்குத் தந்த நரகம், வினைக்கேற்ற துன்பத்தை அனுபவித்து முடித்தபின் உயிர் வெளியேறிவிடும் இடம். தண்டனை எவ்வளவு கொடிதாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. அந்தச் சொல்லையே கிறிஸ்தவம் எடுத்துக்கொண்டபோது, முடிவில்லாமை என்ற புதுப்பொருள் அதற்குள் தானாக வந்துவிடவில்லை. அதனால்தான் நித்திய நரகம், நித்திய ஆக்கினை என்று அடைமொழி சேர்க்க வேண்டியிருந்தது. மணியோசை கேட்டுக் கூடிய மீனவத் தாய், நரகம் என்று கேட்டபோது எதைப் புரிந்துகொண்டிருப்பாள்? திரும்பிவரக்கூடிய இடம் ஒன்றையே அவள் மனத்தில் கண்டிருந்தால், மாண்ட தன் தந்தையைப் பற்றி அழுதுகொண்டு சவேரியாரிடம் கேட்க அவளுக்குக் காரணமே இருந்திருக்காது. மேலும், அவள் மனப்பாடம் செய்த அதே பிரமாணத்தில், சிலுவையில் இறந்த கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்ற செய்தியும் இருக்கிறது. அவருக்காகக் காத்திருந்த பழைய ஏற்பாட்டு நீதிமான்களை விடுவிக்கவே இறங்கினார் என்பது திருச்சபையின் விளக்கம். கேட்டவர்கள் எல்லாருக்கும் அந்த வரையறை சொல்லப்பட்டதா? இது என் ஊகம்தான். ஆனால், கடற்கரையின் மௌனத்துக்கு நான் காணும் விளக்கம் இதுவே: பேசியவரும் கேட்டவர்களும் ஒரே சொல்லுக்குள் இரு வேறு நரகங்களை வைத்திருந்தார்கள்.

திருச்செந்தூர் என்று ஆய்வாளர்கள் கருதும் கோயிலில், இருநூறுக்கும் மேற்பட்ட பிராமணர்கள் கூடியிருக்க, அவர் ஒரு வாதம் நடத்தியிருக்கிறார். உடலோடு உயிரும் அழிந்துவிடுமா, கனவில் தொலைவிலுள்ள நண்பர்களைக் காணும்போது ஆன்மா எங்கே செல்கிறது, கடவுள் கறுப்பா வெள்ளையா என்றெல்லாம் அவர்கள் கேட்டதாக அவரே எழுதுகிறார். இக்கேள்விகளின் ஆழத்தை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. பிராமணர்களைப் பற்றி அவர் எழுதியவை பெரும்பாலும் கசப்பானவை. நம் சமயத்தைப் பற்றி அவர் அறிந்தது மிகக் குறைவு. அறிய முயன்றது அதைவிடக் குறைவு. பிள்ளைகளைக் கொண்டு விக்கிரகங்களை உடைக்கச் செய்து, அதை மகிழ்ச்சியோடு எழுதியவர் அவர். 1546-இல் போர்த்துக்கல் மன்னருக்கு எழுதிய கடிதத்தில் கோவாவுக்கு மத விசாரணை மன்றம் வேண்டும் என்று கேட்டவரும் அவரே. அம்மன்றம் அவர் இறந்து எட்டு ஆண்டுகளுக்குப்பின் வந்தது. அவரைப் போற்றுவோர் இவற்றை மறைக்கிறார்கள். தூற்றுவோர் இவற்றை மட்டும் சொல்கிறார்கள்.

1544 ஜூன் மாதம் விசயநகரத்தின் வடுகப் படைகள் தென்கடற்கரையில் புகுந்தன. குமரிமுனைப் பக்கத்து மக்கள் உயிருக்கு அஞ்சிக் கடற்பாறைகளில் ஏறிப் பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் உணவேற்றிக்கொண்டு சவேரியார் புறப்பட்டார். தென்காற்று எதிர்த்து அடித்ததால் தோணிகள் முன்னேற முடியவில்லை. பின்னர் தரைவழியே நடந்து போனார். சில மாதங்களில் தூத்துக்குடியே தாக்கப்பட்டது. மக்கள் எதிரேயுள்ள தீவுகளுக்கு ஓடித் தண்ணீரின்றித் தவித்தார்கள். அப்போதைய போர்த்துக்கீசியத் தளபதி, குதிரை வணிகத்தில் பொருள் சேர்ப்பதற்காக மக்களை வாட்டியவர், சவேரியாரை வெறுத்தவர். அவருடைய கப்பலும் வீடும் எரிந்தன என்ற செய்தி வந்ததும், உடனே போய் அவருக்கும் உதவுமாறு மன்சிலாசுக்குச் சவேரியார் எழுதினார். மன்சிலாசுக்கு அவர் எழுதிய சிறுகடிதங்கள் இந்த மாதங்களில் அடுத்தடுத்துப் பறக்கின்றன. அவற்றில் நரகத்தைப் பற்றிய பேச்சு குறைவு. அரிசி, தோணி, தண்ணீர், சிறைபிடிக்கப்பட்டவர்கள், பிள்ளைகளின் பாடம் என்பவைதாம் மிகுதி.

அதே ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கடற்கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் முக்குவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். சில நாள்களில் கை தூக்க முடியாமல் சோர்ந்துவிடும் என்றும், திரும்பத்திரும்பப் பிரமாணத்தைச் சொல்லிக் குரல் அடைத்துவிடும் என்றும் எழுதுகிறார். ஞானஸ்நானம் பெற்ற கையோடு இறந்துபோகும் பச்சிளங்குழந்தைகளைப் பற்றி அவர் எழுதும்போது துயரத்தைவிட ஆறுதலே தெரிகிறது. அவர்கள் நேரே மோட்சம் சென்றுவிட்டார்கள் என்பதில் அவருக்கு ஐயமில்லை. பெறாமல் இறந்த குழந்தைகளை அவர் பேசுவதில்லை.

பிறகு மயிலாப்பூர், மலாக்கா, மலுக்குத் தீவுகள். அந்த ஆண்டுகளை இங்கே தாண்டிச் செல்கிறேன். 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார்.

ஜப்பானில் நிலைமை தலைகீழானது. இங்கே அவருக்குக் கப்பற்படை இல்லை. அவரைத் தேவைப்படுவோரும் இல்லை. எழுத்தறிவும் தருக்கப் பயிற்சியும் உடைய மக்கள், நாள்தோறும் அவர் தங்குமிடத்துக்கு வந்து கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். உடன் இருந்த சகோதரர் ஜுவான் பெர்னாண்டஸ் அம்மொழியை நன்றாகக் கற்றிருந்தார். மொழிப்பிழை இங்கும் நேர்ந்தது. கடவுளைக் குறிக்கத் தைனிச்சி என்ற சொல்லை வழங்கினார்கள். அது ஒரு பௌத்தப் பிரிவினர் வணங்கும் மகாவைரோசன புத்தரின் பெயர் என்று பிறகு தெரிந்ததும் அதைக் கைவிட்டு, தேயுஸ் என்ற இலத்தீன் சொல்லையே பயன்படுத்தத் தொடங்கினார்கள். வேணும் திருத்தப்பட்டதைப் போலவே இதுவும். ஆனால், ஓர் வேறுபாடு உண்டு. யாமகுச்சியில் முடிவற்ற நரகம் என்பது முடிவற்றதாகவே மக்களுக்குப் புரிந்தது. அங்கே துறவிகள், காணிக்கை தந்தால் நரகத்திலிருந்து ஆன்மாவை விடுவிப்போம் என்று சொல்லிவந்தார்கள். சவேரியார் அதை வன்மையாக மறுத்தார். மறுத்ததால்தான் கேள்வி அவர்மீது திரும்பியது.

கேள்வி இரண்டு படிகளில் வந்தது. முதலாவது, ஞானஸ்நானம் பெறாதவர்கள் கேட்டது. உங்கள் கடவுள் நல்லவரானால், இத்தனை காலமும் எங்களுக்கு ஏன் தம்மை வெளிப்படுத்தவில்லை? எங்கள் முன்னோரை ஏன் கைவிட்டார்? இதற்குச் சவேரியார் சொன்ன விடை அவர் வாழ்வில் சொன்ன விடைகளில் மிகச் சிறந்தது என்று நினைக்கிறேன். கடவுளின் சட்டமே எல்லாச் சட்டங்களுக்கும் முந்தியது என்றார். சீனத்திலிருந்து மதங்கள் வருமுன்னரே, கொலையும் களவும் பொய்ச்சாட்சியும் தீமை என்று ஜப்பானியர் அறிந்திருந்தார்கள். மலையில் தனியே வளர்ந்த, எழுத்தறியாத ஒருவனைக் கேட்டாலும் அவனுக்கும் அது தெரியும். கற்பித்தவர் யார்? படைத்தவரே உள்ளத்தில் எழுதி வைத்தார். கேட்டவர்கள் நிறைவடைந்தார்கள் என்று எழுதுகிறார்.

இந்த வாதத்தை அவர் எதற்காகச் சொன்னார் என்பதைக் கவனிக்க வேண்டும். கடவுள் யாரையும் கைவிடவில்லை, எனவே முன்னோர்களுக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை என்று காட்டவே சொன்னார். ஆனால், அதே வாதம் மறுபக்கமும் திரும்பும். உள்ளத்தில் எழுதிய சட்டத்தை மலைவாசி அறிவான் என்றால், அதன்படி அவன் வாழ்ந்திருந்தால் என்ன? அவனை நரகத்தில் வைப்பது எந்த நீதி? சவேரியார் தாமே கட்டிய பாலத்தின் நடுவரை வந்து நின்றுவிட்டார். இரண்டாவது படியாக, ஞானஸ்நானம் பெற்றவர்கள் கண்ணீரோடு வந்து கேட்டபோது, சொல்வதற்கு அவரிடம் அந்தப் பாலம் இருந்தது. அவர் அதில் ஏறவில்லை. தீர்வில்லை என்றார். அதைச் சொல்லிவிட்டுத் தாமும் வேதனைப்பட்டார்.

அந்த வேதனையை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. கொள்கையில் உறுதியாக இருப்பவர்கள் அதன் விளைவைக் கண்ணால் காணும்போது இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். மனத்தைக் கல்லாக்கிக்கொள்வார்கள், அல்லது கொள்கையை ஓசையின்றி மழுப்புவார்கள். சவேரியார் இரண்டையும் செய்யவில்லை. மக்கள் அழுததையும் தாம் வருந்தியதையும் தாளில் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். ஐரோப்பாவின் இறையியல் பீடங்கள் தத்துவமாகப் பேசிவந்த ஒன்று, யாமகுச்சியில் ஒரு மகனின் அழுகையாக அக்கடிதத்துக்குள் பதிவாயிற்று.

திருச்சபை அந்தப் பாலத்தைக் கடக்க நானூறு ஆண்டுகளுக்கு மேலாயின. 1547-இல் திரெந்து சங்கம், ஞானஸ்நானத்தையோ அதற்கான விருப்பத்தையோ பேசியது; அந்த விருப்பம் என்பது எவ்வளவு மறைவானதாக இருக்கலாம் என்ற விவாதம் பிறகு நீண்டது. இருபதாம் நூற்றாண்டில்கூட, பாஸ்டன் நகரில் லியோனார்டு ஃபீனி என்ற குரு, கத்தோலிக்கர் அல்லாத எவருக்கும் மீட்பில்லை என்று பிரசாரம் செய்தார். விளக்கமளிக்க ரோமைக்கு வர மறுத்ததால் 1953-இல் அவர் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். யாருக்கும் மீட்பில்லை என்று வற்புறுத்தியவரே வெளியே நிற்க நேர்ந்த விந்தை அது. 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாதிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ்பவர்கள் மீட்படைய முடியும் என்று ஏற்றது. மலையில் தனித்து வளர்ந்த மனிதனுக்கு அதில் இடமுண்டு. ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகளுக்கும் மீட்பின் நம்பிக்கை உண்டென்று வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு 2007-இல் அறிக்கை தந்தது.

இதை ஒரிஜனின் வெற்றியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லாரும் கட்டாயம் மீட்படைவார்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்வதில்லை. 1992-இல் வெளியான அதன் மறைக்கல்வி நூல், நரகம் உண்டு, அது முடிவற்றது என்றே உரைக்கிறது. எல்லாரும் மீட்கப்பட வேண்டுமென்று நம்பிக்கையோடு எதிர்பார்க்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்ற ஹான்ஸ் ஊர்ஸ் ஃபான் பல்தாசாரின் நிலைப்பாட்டுக்கே அக்காலத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. சீர்திருத்தச் சபைகளிலும் இந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை. என்னைக் கேட்டால், முடிவற்ற தண்டனை என்ற கொள்கைக்கு எதிரான வலுவான சாட்சியம் இறையியலாளர்களிடமிருந்து வரவில்லை. தந்தை இல்லாத மோட்சம் தனக்கு எதற்கு என்று திகைத்து நின்ற பிள்ளைகளிடமிருந்தே வந்தது.

முத்துக்குளித்துறைக்கு, சவேரியாருக்குப்பின் அண்டிரிக் அடிகளார் வந்தார். 1546-இல் இந்தியா வந்த இவர், சவேரியாரால் இயலாததைச் செய்தார். தமிழை இலக்கணத்தோடு கற்றார், பேசினார், எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம், தமிழ் எழுத்தில் வந்த முதல் அச்சுநூல், இவருடையதே. 1600-இல் இறந்து தூத்துக்குடியில் அடக்கமானார். இக்கடற்கரை மக்களின் கேள்விகள் எவருடைய செவியிலாவது தமிழிலேயே விழுந்திருக்கும் என்றால், அரை நூற்றாண்டு இங்கே வாழ்ந்த இவர் செவியில்தான்.

சவேரியார் அதற்குள் போய்விட்டிருந்தார். ஜப்பானியர் பெரிதும் மதித்தது சீனத்தின் அறிவை. அவர் சொல்வது உண்மையானால் சீனருக்கு அது ஏன் தெரியவில்லை என்றும் அவர்கள் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்வியோடு சீனத்துக்குப் புறப்பட்டவர், வெளிநாட்டார் நுழையத் தடையிருந்த கடற்கரைக்கு எதிரே, சாங்சுவான் தீவில் காத்திருந்தார். அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்ட வணிகன் வரவில்லை. காய்ச்சல் கண்டு, 1552 டிசம்பர் 3 அதிகாலையில், ஓலைக்குடிசை ஒன்றில் இறந்தார். வயது 46. அருகிலிருந்தவர் அந்தோனியோ என்ற சீனக் கிறிஸ்தவர். கடைசி நாள்களில் தமக்குப் புரியாத ஏதோவொரு மொழியில் சவேரியார் பேசிக்கொண்டிருந்ததாக அவர் பின்னர் சொன்னார். அது ஹவியேர் கோட்டையின் பாஸ்க் மொழியாக இருக்கலாம் என்பர்.

ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்று, கல்லறைத் திருநாளில், தூத்துக்குடியின் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுவத்திகள் எரிகின்றன. கல்வெட்டுகளில் பர்னாந்து, மச்சாடோ, மோத்தா, ரொட்ரிகோ, வாஸ் என்ற பெயர்களைப் பார்க்கிறேன். எல்லாம் 1536-க்குப் பிறகு வந்தவை. உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்காகக் குருவானவர் செபிக்கிறார். குடும்பத்தார் தங்கள் முன்னோரின் பெயர்களைச் சொல்லித் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்தப் பெயர்களுக்கு முன்னால் முத்துக்குளித்து, கடலில் மாண்டு, கரையில் எரிந்தோ புதைந்தோ போனவர்களின் பெயர்கள் நான் விசாரித்த எந்தக் குடும்பத்துக்கும் நினைவில்லை. மூத்த பெண்கள் சிலர் மட்டும், எஞ்சிய ஒரு மெழுகுவத்தியைப் பெயர் பொறிக்காத வெறும் மண்ணில் ஏற்றி வைக்கிறார்கள். யாருக்கு என்று கேட்டேன். எல்லாருக்கும்தான் என்றார் ஒரு பாட்டி.